தவிட்டம்மாள் என்று ஒரு பேர்

2006ஆம் வருடம் சாணார்பட்டியில் நடந்த மாதக் கூட்டத்தில், புதிதாக மாற்றலாகி வந்திருந்த சூப்பர்வைசர் மேடம் இலந்தைப்பட்டி அங்கன்வாடியின் பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பணியாளர் பெயர் என்ற இடத்தில் தவிட்டம்மாள் என்று இருந்தது. அதில் தப்பில்லை. குழந்தையின் பெயர் என்ற பத்தியிலும் தவிட்டம்மாள் என்று இருந்தது. ஒரு இடத்தில் என்றால் கை தவறி எழுதியது என்று விட்டுவிடலாம். ஐந்து இடத்தில் இருந்தது.

"என்ன டீச்சர், தூக்கக் கலக்கத்துல எழுதுனீங்களா? உங்க பேர எதுக்குப் பிள்ளைங்க பத்தியில எழுதி வச்சிருக்கீங்க?" என்றார் மேடம்.

தவிட்டம்மாள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "அது பிள்ளைங்க பேருதான் மேடம். அஞ்சு பேருக்கும் அதான் பேரு."

கூட்டத்தில் சிரிப்பு. மேடம் நம்பவில்லை. அடுத்த வாரமே இலந்தைப்பட்டிக்கு வந்து, ஐந்து பிள்ளைகளையும் வரிசையில் நிற்க வைத்தும் இடுப்பில் தூக்க வைத்தும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் மேலும் குற்றமில்லை. எந்தக் காலத்தில் இருக்கிறோம்? தவிட்டம்மாள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுடைய பதிவேட்டில் கவிதாவும் பிரியாவும் நிறைந்து கிடந்தார்கள். பிறகு ஷவும் ஜவும் இல்லாத பேரே பேரில்லை என்று ஆயிற்று. அதற்கும் பிறகு, தினம் சாயங்காலம் டிவியில் எந்தக் கதாநாயகி அழுகிறாளோ அவள் பேர் அடுத்த வருடம் பதிவேட்டில் மூன்று இடத்திலாவது இருக்கும். எழுதுவதற்குள் நாக்கும் பேனாவும் சுளுக்கிக்கொள்கிற பேர்களையெல்லாம் தவிட்டம்மாள் முகம் கோணாமல் எழுதியிருக்கிறாள். அப்படிப்பட்ட ஊரில் ஐந்து தவிட்டம்மாள்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றும்.

ஆறாவது தவிட்டம்மாள், அதாவது நம் டீச்சர், பிறந்தது 1966இல். அவளுக்கு முன்னால் அவள் அம்மா கருப்பம்மாளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன. மூன்றும் தங்கவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்து பிறக்கிற பிள்ளையை விற்றுவிடுவார்கள். காசுக்கு அல்ல, தவிட்டுக்கு. அக்கம்பக்கத்தில் ஒருத்தி முறத்தில் இரண்டு கை தவிடு கொண்டுவருவாள். தவிட்டைக் கொட்டிவிட்டு அதே முறத்தில் பிள்ளையை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டுவாள். நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து, "இந்தா, எம் பிள்ளைய நீ வளத்துக் குடு" என்று பெற்றவளிடமே கொடுப்பாள். மாட்டுக்கு வைக்கிற தவிட்டுக்கு வந்த பிள்ளை என்ன பெறும்? எமன் கூட அதை ஒரு பொருட்டாக நினைக்காமல் தாண்டிப் போய்விடுவான் என்பது நம்பிக்கை. ஆணென்றால் தவிடன், பெண்ணென்றால் தவிட்டம்மாள். எமனை ஏமாற்றத்தான் இந்தப் பேர். ஆனால் அதைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போகவேண்டியது எமன் இல்லையே.

அவளை வாங்கியவள் எதிர்வீட்டு செபாஸ்தியம்மாள். இவர்கள் கோயிலுக்குப் போகிற குடும்பம், அவர்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். தவிட்டுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் தினம் காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போது தவிட்டம்மாள் தலையைக் குனிந்துகொள்வாள். வாத்தியார் பேரை வாசித்ததும் பின்வரிசையிலிருந்து மாடு கத்துகிற சத்தம் வரும். "உள்ளேன் ஐயா" என்று அவள் சொல்வது வாத்தியாருக்கே கேட்காது. ஒருநாள் வீட்டுக்கு வந்து, வேறு பேர் வை என்று அம்மாவிடம் அழுதாள். கருப்பம்மாள் பதறிப்போய் மகள் வாயைப் பொத்தினாள். அந்தப் பேர்தான் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அவள் முழுதாக நம்பினாள். அதற்குப் பிறகு தவிட்டம்மாள் அம்மாவிடம் கேட்கவில்லை.

எட்டாவது முடித்ததும் பூப்பறிக்கப் போகட்டும் என்று அப்பா முடிவு செய்தார். ஊரில் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் முடிந்தது. அப்போது செபாஸ்தியம்மாள் தெருவைக் கடந்து வந்து வாசலில் நின்றாள்.

"ஏப்பா, இவ யாரு பிள்ள?"

"இதென்ன கேள்வி, எம் பிள்ளதான்."

"நான் தவுடு குடுத்து வாங்குனது. வளக்கத்தான் உங்கிட்ட குடுத்துருக்கேன். எம் பிள்ள படிக்கும்."

அப்பா வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். செபாஸ்தியம்மாள் சிரிக்கவில்லை. அவர் சிரித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். முறை என்று வந்துவிட்டால் எங்கள் ஊர் ஆட்கள் தலை போனாலும் மீற மாட்டார்கள். தவிட்டம்மாள் பத்தாவது வரை படித்துப் பாஸ் செய்தாள். அந்தப் படிப்புதான் 1989இல் பால்வாடி வேலை வாங்கிக் கொடுத்தது.

வேலை பிடித்துப் போயிற்று, பேர்தான் பிடிக்கவில்லை. போர் மோட்டார் மெக்கானிக்கான அவள் புருஷன் தங்கமுத்து, கல்யாணமான மறுவாரமே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு வீட்டுக்குள்ளும் டீச்சர் என்றே கூப்பிட ஆரம்பித்தான். கேலிக்காகத் தொடங்கியதே நிலைத்துவிட்டது. 1994இல் கெஜட்டில் பேர் மாற்றலாம் என்று யாரோ சொல்ல, அவள் திண்டுக்கல்லுக்குப் போய்ப் படிவம் வாங்கி வந்தாள். எல்லாம் எழுதிவிட்டாள். மாற்றத்துக்கான காரணம் என்ற கோட்டில் மட்டும் பேனா நின்றுவிட்டது. பிடிக்கவில்லை என்று எழுதலாம்தான். ஆனால் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒருத்தி கடைசி நம்பிக்கையாக வைத்த பேரைப் பிடிக்கவில்லை என்று சர்க்காருக்கு எழுதிக் கொடுப்பதா? மூன்று நாள் யோசித்துவிட்டுப் படிவத்தை அடுப்பில் போட்டாள். தங்கமுத்து ஏன் என்று கேட்டதற்கு, "சோறு வேகலங்க" என்றாள்.

இனி ஆனந்தியின் கதைக்கு வரவேண்டும். தெற்குத் தெரு மலைச்சாமி வேனில் தினமும் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிப் போகிறவன். ஆனந்தி அவன் மனைவி. அவளுக்கு முதல் பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் இறந்தது. இரண்டாவது இருபது நாள் இருந்தது. இரண்டும் எடை குறைவாகப் பிறந்தவை. இரண்டு தடவையும் தவிட்டம்மாள் தராசைத் தூக்கிக்கொண்டு போய் எடை போட்டாள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள், சீனித்தண்ணீர் வைக்காதீர்கள், பிள்ளை சில்லிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடினாள். மலைச்சாமியின் அம்மா அங்காளம்மாள், "எடைய எழுதிட்டுப் போத்தா. பிள்ளைக்கு நாங்க இருக்கோம்" என்று வாசலைக் காட்டினாள். டீச்சர் எழுதிக்கொண்டு வந்தாள். அதற்குமேல் அவளுக்கு அந்த வீட்டில் என்ன உரிமை? அந்த இரண்டு எடைகளும் பதிவேட்டில் தனியாக நின்றன. பக்கத்தில் பேர் எழுத வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

2001 மார்ச்சில் மூன்றாவதும் பிறந்தது. பெண். ஒன்றே முக்கால் கிலோ. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் அங்காளம்மாள் அங்கன்வாடிக்கே வந்துவிட்டாள். தவிட்டம்மாள் சத்துமாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஏ தவுட்டு, நீதான் வந்து வாங்கணும். தவுட்டுக்குப் போயி நெலச்சு நிக்கிற ஆளு இந்த ஊர்ல நீ ஒருத்திதான்."

"சின்னம்மா, நான் எடை போட்டு மருந்து குடுக்குற ஆளு. என்னையப் போயி இதுக்குக் கூப்பிடலாமா?"

"எடை போட்டு என்னத்தக் கண்ட? போன ரெண்டையும் நீதான எடை போட்ட" என்றாள் அங்காளம்மாள். சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. அங்காளம்மாள் கெட்டவள் இல்லை. பயந்தவள். பயந்தவர்கள் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

தவிட்டம்மாளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பதினெட்டுப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவளைத் தவிட்டுக்குக் கூப்பிடுகிறார்களே என்ற கோபம். பிசைந்த மாவை உருண்டை பிடித்து முடிப்பதற்குள் அந்தக் கோபம் வேறு ஒன்றாக மாறிவிட்டது. வாங்கியவள் வெளியாள் இல்லை. வாங்கியவள் சொன்னால் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"சரி சின்னம்மா, வாரேன். ஆனா முறைப்படி செய்யணும். தெருவே பாக்கணும். மலைச்சாமி அவன் வாயால குடுத்துட்டேன்னு சொல்லணும்."

"அதுக்கென்ன, தாராளமாச் செய்வோம்" என்று அங்காளம்மாள் மனம் குளிர்ந்து போனாள். வாழ்க்கையில் அவள் போட்ட கணக்கு பிசகியது அந்த ஒரு இடத்தில்தான். சடங்கு முடிந்ததும் எல்லாரும் கலைந்து போய்விடுவார்கள், பிள்ளை பழையபடி தன் பொறுப்புக்கு வந்துவிடும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தெரு கூடியது. தவிட்டம்மாள் தவிட்டைக் கொட்டிவிட்டு முறத்தில் பிள்ளையை வாங்கினாள். மலைச்சாமி, "குடுத்துட்டேன்க்கா" என்றான். அவள் நாலு எட்டு நடந்து திரும்பி வந்தாள். ஆனந்தி கையை நீட்டினாள். தவிட்டம்மாள் கொடுக்கவில்லை.

"எம் பிள்ளைய வளக்கக் குடுக்குறேன் ஆனந்தி. ஆனா நான் சொல்ற மாதிரி வளக்கணும். தாய்ப்பால் தவுத்து ஒரு சொட்டு வேற போகக்கூடாது. மூக்குல எண்ணெய் ஊதக்கூடாது. உன் நெஞ்சுத் தோலோட சேத்துப் பிள்ளையக் கட்டிக்கிட்டே இருக்கணும். ஒருநா விட்டு ஒருநா நான் தராசோட வருவேன். சம்மதம்னா வாங்கிக்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அங்காளம்மாள், "என்னத்தா, விளையாடுறியா?" என்றாள்.

"வெல குடுத்தவ நான், சின்னம்மா. விளையாட்டுன்னா தவுட்ட எடுத்துக்கிட்டுப் போயிர்றேன்."

வாங்கிய தவிட்டைத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளைக்கு ஆகாது. ஆனந்தி சம்மதம் என்று பிள்ளையை வாங்கிக்கொண்டாள்; அங்காளம்மாள் தடுக்கவில்லை.

சொன்னபடி ஒருநாள் விட்டு ஒருநாள் தராசு வந்தது. விட்டத்தில் தராசைக் கட்டி, தொட்டிலில் பிள்ளையைப் போட்டு முள் நிற்கும்வரை மூன்று பேரும் மூச்சுவிட மாட்டார்கள். முதலில் எடை இறங்கியது. பிறகு நின்றது. பதினைந்தாம் நாள் ஐம்பது கிராம் ஏறியது. அன்றைக்கு அங்காளம்மாள் டீச்சருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

பத்தொன்பதாம் நாள் மதியம் தவிட்டம்மாள் போனபோது பிள்ளை பால் குடிக்கவில்லை. உள்ளங்கால் சில்லிட்டிருந்தது. அதைச் சுண்டினாலும் அழவில்லை. ஆனந்தி பிள்ளையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று அவளுக்குத் தெரியும்.

"மலைச்சாமி, வண்டிய எடு. இப்பவே திண்டுக்கல் போகணும்" என்றாள் தவிட்டம்மாள்.

அங்காளம்மாள் நிலைப்படியை மறித்து நின்றாள். "தீட்டுக் கழியாம பச்சப் பிள்ளைய வெளிய எடுக்குறதா? முப்பது நாள் தாண்டட்டும். கோடாங்கிக்கு ஆள் விட்டுருக்கேன், செத்த நேரத்துல வந்து திருநீறு போட்டுருவாரு."

"தீட்டு உங்க வீட்டுக்கு, சின்னம்மா. இது உங்க வீட்டுப் பிள்ள இல்ல. தெருவே பாக்கக் குடுத்துட்டீங்க. எம் பிள்ளைய நான் எங்க வேணா தூக்கிட்டுப் போவேன், நகருங்க."

மலைச்சாமி அம்மாவைப் பார்த்தான், ஆனந்தியைப் பார்த்தான். இருபத்தெட்டு வயதில் அவன் அம்மா பேச்சைத் தட்டியதில்லை. "குடுத்தது குடுத்ததுதானம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்தான். அம்மாவை மீறினான் என்று சொல்ல முடியாது. அவன் முறையைத்தான் மதித்தான். அங்காளம்மாள் விலகிக்கொண்டாள்.

பூவாசம் போகாத அந்த வேனில், பிள்ளையை ஆனந்தியின் நெஞ்சோடு வைத்துச் சேலையால் சுற்றிக் கட்டி, வழிநெடுக அதன் காலைத் தேய்த்துக்கொண்டே தவிட்டம்மாள் போனாள். ஆஸ்பத்திரியில் இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று சொல்லி உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

பதினொரு நாள் ஆயிற்று. அந்தப் பதினொரு நாளும் தவிட்டம்மாள் பட்ட பாடு கொஞ்சமில்லை. காலையில் அங்கன்வாடியைத் திறந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, மதிய பஸ்ஸில் திண்டுக்கல் போய், சாயங்காலம் திரும்புவாள். இந்தப் பிள்ளை போய்விட்டால் இனி இலந்தைப்பட்டியில் ஒரு வீட்டிலும் தன் பேச்சு எடுபடாது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொன்றவள் என்று ஊர் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் பயந்தது அதற்கில்லை. எம் பிள்ளை, எம் பிள்ளை என்று வாய்ப்பேச்சுக்குச் சொல்லிச் சொல்லி அது நிஜமாகிவிட்டிருந்தது. அவளுக்குச் சொந்தத்தில் இரண்டு பையன்கள் உண்டு. அவர்களுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இப்படி வயிறு காந்தியதில்லை என்று தங்கமுத்துவிடம் சொன்னாள். அவன் தினமும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து காத்திருந்து சைக்கிளில் கூட்டிப்போனான். வழியில் ஒன்றும் கேட்கமாட்டான். நல்ல மனிதன்.

பன்னிரண்டாம் நாள் பிள்ளை வீடு திரும்பியது. தராசில் இரண்டு கிலோ நூறு. முள்ளை முதலில் வாசித்தது அங்காளம்மாள். எழுதப் படிக்கத் தெரியாத அங்காளம்மாள் அந்த ஒரு முள்ளை வாசிக்க மட்டும் எப்போதோ கற்றுக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நடந்ததுதான் சூப்பர்வைசர் மேடத்துக்குப் புரியாமல் போன விஷயம். பிள்ளை தங்காத வீடுகள், எடை குறைவாகப் பிள்ளை பெற்ற வீடுகள், தவிட்டோடு தவிட்டம்மாளைத் தேடி வந்தன. அவளும் வாங்கினாள். நாலு வருடத்தில் இன்னும் நாலு பெண் பிள்ளைகள், மூன்று பையன்கள். ஒவ்வொரு தடவையும் நாலாவது எட்டில் திரும்பி நின்று அதே நிபந்தனைகளைச் சொன்னாள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை எங்கள் ஊரில் நடத்திக் காட்ட இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவளைத் தவிர யாருக்குத் தோன்றும்? எட்டுப் பிள்ளைகளில் ஒன்றுகூடப் போகவில்லை. சர்க்காரில் இதற்கு ஒரு பத்தி இல்லாததால் அவள் எங்கும் எழுதவில்லை.

ஆனால் வாங்குவது வேறு, பேர் வேறு. தன் பேரை இன்னொரு பிள்ளை தலையில் கட்ட அவளுக்கு மனமே இல்லை. எட்டில் மூத்தவளான ஆனந்தியின் மகளுக்குத்தான் அந்தப் பேச்சு முதலில் வந்தது. பிறப்புச் சான்றிதழில் பேர் சேர்க்க ஒரு வருடத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். பதினோராவது மாதத்தில் ஆனந்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கன்வாடிக்கு வந்தாள். பேர் வைக்கும் உரிமை வாங்கியவளுக்கு. தவிட்டம்மாள் ஏற்கனவே முடிவு செய்து வைத்திருந்தாள். படிவத்தில் அழகாக, நிதானமாக, தமிழ்மதி என்று எழுதினாள்.

ஆனந்தி படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "இது வேண்டாம்க்கா. இவ பேரு தவுட்டம்மா. வீட்ல எல்லாரும் அப்படித்தான் கூப்புடுறோம்."

"வீட்ல கூப்புடுங்க. காயிதத்துல வேண்டாம். நான் பட்டது போதும் ஆனந்தி. தெனம் காலையில அந்தப் பேர வாசிக்கையில எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க."

ஆனந்தி பிள்ளையைத் தரையில் இறக்கிவிட்டாள். அது சத்துமாவு டின்னைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தது.

"மொத ரெண்டும் பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே போயிருச்சுக்கா. நெனச்சு அழுகணும்னாக்கூட என்ன சொல்லி அழுகுறதுன்னு தெரியல. பெருசு, சின்னதுன்னு சொல்லிக்கிறேன். இவ ஒருத்திக்குத்தான் பேரு இருக்கு. அந்தப் பேரச் சொல்லி நான் தெனமும் நூறு தடவ கூப்புடுறேன், இருக்காளான்னு பாக்குறதுக்கு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சிரிக்கட்டும்க்கா. பள்ளிக்கூடம் போவாள்ல. எனக்கு அது போதும்."

தவிட்டம்மாள் குனிந்து படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்துத் திருத்தினால் ஆபீசில் வாங்கமாட்டார்கள். பீரோவைத் திறந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் எழுத ஆரம்பித்தபோது எழுத்து கலங்கித் தெரிந்தது. பாதியில் நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மீதியையும் எழுதினாள். எழுதி முடித்துப் படிவத்தை ஆனந்தி பக்கம் தள்ளினாள்.

"சரியா இருக்கான்னு வாசிச்சுப் பாரு" என்றாள். "சத்தமா வாசி."